மரத்தை விட்டு வள்ளத்துக்கு

போன மாதம், பஹ்ரைனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் ஓடம், பன்னிரண்டு அடி இருக்கும். அதன் மேல் அவனுடைய முதலாளி காலை நீட்டி உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கூடவே அவன் குரல்: "மாமா, இதுதான் மீன்பிடிக் கயாக். அலை மேல ஏறினா தண்ணி ஓட்டை வழியா தானே கீழ இறங்கிடும். முங்காது. நம்ம மரம் மாதிரியே இருக்கு பாத்தியளா? முதலாளிக்கு அறுபது ஆகுது. தோள் வலிக்காம். இத வித்துட்டு எஞ்சின் போட் வாங்கப் போறாரு. எங்க மாமாவும் அப்படி மாறினவருதான்னு சொன்னேன். எப்படி இருந்துச்சுன்னு கேக்கச் சொன்னாரு."

நான்கு நிமிடம் பேசிப் பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு, சொல்லாமல் விட்டதுதான் அதிகம் என்று பட்டது. இரண்டு நாளாக அதே நினைப்பு. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கடியபட்டணம். முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு மேற்கே, வள்ளியாறு கடலில் சேரும் இடம். 1979-இல், பதினேழு வயதில், அப்பாவோடு கட்டுமரத்தில் ஏறினேன். எங்கள் கரையில் கட்டுமரம் என்று முழுசாகச் சொல்வதில்லை, மரம்தான். நான்கு தடி, கட்டுவதற்குக் கயிறு, ஒரு பாய், இரண்டு தொளவை. தொளவை என்றால் துடுப்பு. மூங்கிலைப் பிளந்து செய்வது. நடுவில் பிடித்து இந்தப் பக்கம் ஒரு வலி, அந்தப் பக்கம் ஒரு வலி. வலி என்றால் இழுப்பு. கயாக்காரர் கையில் இருந்ததும் இரண்டு பக்கமும் மாற்றி வலிக்கிற துடுப்புதான்.

மருமகன் சொன்னது சரி. கயாக் என்பது ஆதியில் வடதுருவத்தை ஒட்டி வாழும் இன்யூட் மக்களின் படகு. மரச்சட்டத்தில் சீல் தோலைப் போர்த்தி, உள்ளே இடுப்பு வரை இறங்கி உட்கார்வார்கள். அந்தக் குளிரில் உடம்பு நனையக் கூடாது. இப்போது மீன்பிடிக்க விற்கும் பிளாஸ்டிக் கயாக்கில் பல அப்படி இல்லை. ஆள் மேலே உட்கார்கிறார், தண்ணீர் ஏறி இறங்கிப் போகிறது. அது நம் மரத்தின் புத்தி. மரத்துக்கு உள் என்று ஒன்று கிடையாது, அதனால் தண்ணீர் நிறைய இடமும் கிடையாது. கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியாகத் தோளில் தூக்கி மேட்டில் காயப் போடலாம். காயாத மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். இரண்டு பேர் போதும், எவர் தயவும் வேண்டாம். இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்பது வள்ளம், அதாவது எஞ்சின் படகு, வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மாறுவதற்கு எனக்கு முன்பே பல வாய்ப்புகள் வந்தன. 1980களில் முட்டத்தில் ஒட்டுப்பலகையில் வள்ளம் கட்டத் தொடங்கினார்கள். என் வயதுக்காரர்கள் பலர் அதில் ஏறி, வெளியே மாட்டும் எஞ்சினுக்குப் பழகினார்கள். அப்பா வேண்டாம் என்றார், நானும் வேண்டாம் என்றேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் மரமும் வலையும் போயின. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் மக்கள் குடும்பம் குடும்பமாகச் செத்த நேரத்தில் மரம் போனதை இழப்பு என்று சொல்லவே வாய் வராது. அதன் பிறகு பல தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் வள்ளம் கொடுத்தன. கரை முழுக்க வெள்ளையும் நீலமுமாக வள்ளங்கள் வந்து நிறைந்தன. ஒரு வள்ளத்தில் பங்குக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் மறுபடியும் மரமே கட்டினேன். எண்ணெய்ச் செலவு இல்லை, கடன் இல்லை, பிடித்தது எல்லாம் வீட்டுக்கு. அப்போது எனக்கு 42 வயது, கையில் வலு இருந்தது. அந்த முடிவு தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. 2016 வாக்கில் வலது தோள் இரவில் வலிக்கத் தொடங்கியது. தொளவை போடும்போது தெரியாது, படுத்தால் தெரியும். தைலம் தேய்த்தோம், உழுந்து வைத்து ஒத்தடம் கொடுத்தோம். அப்புறம் நாகர்கோவிலில் ஒரு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தோளின் தசைநார் ஓரத்தில் கிழிந்திருக்கிறது, தலைக்கு மேல் கையைத் தூக்குகிற வேலையையும் தொடர்ந்து துடுப்பு வலிப்பதையும் நிறுத்துங்கள் என்றார். நான் நிறுத்தவில்லை. ஐந்து வருடம் அப்படியே போனேன். வலது கை சோர்ந்ததும் இடது கை ஏற்றுக்கொண்டது, பிறகு இடுப்பு ஏற்றுக்கொண்டது. முன்பு நாற்பது நிமிடத்தில் போன பாருக்கு, அதாவது நாங்கள் மீன் பிடிக்கும் கடலடிப் பாறைக்கு, ஒன்றேகால் மணி நேரம் ஆனது. காலையில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய்விடலாம். மத்தியானம் கடல்காற்று தூக்காத நாளில் திரும்பி வருவதுதான் பாடு. அப்படி ஒரு நாள், மடைக்கு, அதாவது கரையோரம் அலை உடைகிற இடத்துக்கு, வெளியே, இனி ஒரு வலி வலிக்க முடியாது என்று கை நின்றுவிட்டது. என்னோடு வந்த தம்பி ஒருவனாகவே கரை சேர்த்தான். கரையில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மீனைப் பங்கு வைத்தான், போனான். அவன் பேசாமல் போனது எனக்கு வலித்தது.

2017 நவம்பர் 29 இரவு ஒக்கிப் புயல் வந்தபோது நான் கரையில் இருந்தேன். தோள் வலி, அன்று போகவில்லை. அதைப் பற்றி நிறைய எழுத என்னால் ஆகாது. போனவர்களில் திரும்பாதவர்கள் உண்டு. அதற்குப் பிறகு வீட்டில் என் மனைவி ஒரே பேச்சாகச் சொன்னாள்: "ஒண்ணு கடலை விடுங்க, இல்லைன்னா மரத்தை விடுங்க." மூன்று வருடம் இதைக் கேட்டேன். கடலை விட முடியாது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்பதை ஏற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

2021-இல் வாங்கினேன், 59 வயதில். 24 அடி ஃபைபர் வள்ளம், பழையது, 90,000 ரூபாய். எஞ்சினும் பழையதுதான், 9.9 குதிரைத்திறன், மண்ணெண்ணெயில் ஓடுவது, 65,000 ரூபாய். விற்றவர் நல்ல நிலையில் இருக்கிறது என்றார். கொண்டுவந்து அடியில் திருகைக் கழற்றிப் பார்த்தபோது பல்சக்கர எண்ணெய் மோர் மாதிரி வெளுத்து வந்தது. உள்ளே கடல்தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தடுக்கும் வளையங்களை மாற்ற இன்னும் செலவானது. பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணெயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கறுப்பாகவோ தேன் நிறமாகவோ இருந்தால் பரவாயில்லை, வெளுப்பாக இருக்கக் கூடாது.

எஞ்சின் வந்தால் வேலை குறையும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தோள் வேலை குறைந்தது, கவன வேலை கூடியது. மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை கயிற்றை எத்தனை இழுத்தாலும் பிடிக்காது. கரைக்கு வந்ததும் பீப்பாயில் நல்ல தண்ணீர் ஊற்றி அதற்குள் எஞ்சினை ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். குடிக்கிற தண்ணீரையே குடம் குடமாகப் பிடித்து வைக்கிற ஊரில், எஞ்சினுக்கு ஒரு பீப்பாய் என்று கேட்க எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. வீட்டில் பாத்திரம் அலசிய தண்ணீர் போதும் என்று இப்போது ஒரு ஏற்பாடு.

கடலில் இறக்குவதுதான் நான் புதிதாகக் கற்றது. மரத்தை அலையில் தள்ளி, பாய்ந்து ஏறி, நான்கு வலியில் மடையைத் தாண்டிவிடுவோம். அலை மேலே விழுந்தாலும் வழிந்து போகும். வள்ளம் அப்படி இல்லை. அலை அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், உடைந்து உள்ளே விழுந்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும், வள்ளம் கனத்துவிடும், அடுத்த அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதனால் நின்று எண்ண வேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் ஒரு அமைதி வரும். அந்த அமைதியில் தள்ளி, ஒருவர் தொளவை வலித்து ஆழம் பார்த்துக்கொடுக்க, பின்பக்கம் அமரத்தில் இருப்பவர் எஞ்சினை இறக்கிக் கயிறு இழுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வரும்போது இந்தக் கணக்கே மாறிவிடும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும், ஆனால் தூரத் தென்கடலில் அடித்த புயலின் அலை இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்து கரையில் ஏறும். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பேர். மீனவர் வாயில் இருந்த இந்தச் சொல்லை 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாகவே ஏற்றது. இப்போது ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது, கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் மரமாக இருந்தால் போயிருப்பேன். வள்ளத்தில் போவதில்லை.

ஓட்டுவதும் வேறு கை. எஞ்சின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். 42 வருடம் முழங்காலிலும் இடுப்பிலும் மரத்தைத் திருப்பிப் பழகிய உடம்புக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு மாதம் ஆனது. இன்னொன்று, இதை அந்த முதலாளிக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னேன். மரத்திலிருந்து விழுந்தால் மரம் பக்கத்திலேயே மிதக்கும், கையை நீட்டினால் கிடைக்கும். எஞ்சின் வள்ளத்திலிருந்து விழுந்தால் அது உங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அல்லது வட்டம் போட்டு உங்கள் மேலேயே வரும், அடியில் சுற்றுகிற விசிறியோடு. அதற்காகத்தான் எஞ்சினில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று தருகிறார்கள். ஒரு முனை எஞ்சின் பொத்தானில், மறு முனை நம் மணிக்கட்டில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் நின்றுவிடும். எங்கள் கரையில் இதைக் கட்டுகிறவர்கள் குறைவு. எஞ்சினிலேயே மாட்டி வைத்துவிடுவார்கள். நான் கட்டுகிறேன். இப்போது என்னோடு வள்ளத்தில் வரும் தம்பி மகனும் கட்டுகிறான்.

முதல் வருடத்தில் ஒரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். பாரில் எஞ்சினை அணைத்து மிதந்துகொண்டிருந்தோம். வள்ளம் ஆடி, டாங்கி மூடியின் காற்றுத் திருகு வழியாக மண்ணெண்ணெய் சிந்தியது. திருகை இறுக்கி மூடினேன். மீன் ஏறிய மும்முரத்தில் அதை மறந்துவிட்டேன். திரும்பும்போது எஞ்சின் நன்றாகவே கிளம்பியது, கால் மணி நேரம் ஓடியது. மடைக்கு நூறு, நூற்றைம்பது மீட்டர் வெளியே இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. டாங்கிக்குள் காற்று போகாததால் எண்ணெய் வரவில்லை. அது அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. கயிற்றை இழுக்கிறேன், இழுக்கிறேன், கிழிந்த தோள். வள்ளம் அலைக்குப் பக்கம் காட்டத் தொடங்கிவிட்டது. அப்போது தம்பி மகன் பலகைக்கு அடியில் கிடந்த என் பழைய தொளவையை இழுத்தான். எனக்கும் ஒன்று கிடைத்தது. இரண்டு பேரும் வலித்து அணியத்தை அலைக்கு நேராகத் திருப்பி, வெளியே தள்ளி வந்து நின்றோம். மூச்சு வாங்கிய பிறகுதான் திருகு ஞாபகம் வந்தது. திறந்தபோது 'புஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வள்ளம் வாங்கிய நாளில் அந்தத் தொளவைகள் எதற்கு என்று பலர் கேட்டார்கள். அவை இல்லாமல் இன்றுவரை என் வள்ளம் கரையைத் தாண்டியதில்லை.

எண்ணெயில் எனக்கு ஒரே கணக்கு. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல். முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு நான்கு லிட்டருக்கு மேல் குடிக்கும், பாதி வேகத்தில் பாதிக்கும் கீழே. வேகமாகப் போக வேண்டிய அவசரம் எனக்கு இல்லை. மானிய மண்ணெண்ணெய் மாதம் முழுக்க வராது, வெளியே வாங்கினால் கை சுடும். மரத்தில் போனபோது வெறுங்கையோடு வந்தால் உழைப்பு மட்டும்தான் நட்டம். இப்போது வெறுங்கையோடு வந்தால் கடன். இது உண்மை, இதை மறைத்து எஞ்சினைப் புகழ என்னால் முடியாது. ஆனால் நெய்மீன் ஓடும் நாட்களில் தூண்டிலை இழுத்துக்கொண்டே பாரைச் சுற்றி வர முடிகிறது. கணவாய் ஒரு பாரில் இல்லையென்றால் அடுத்த பாருக்குப் போக முடிகிறது. மரத்தில் ஒரு நாளைக்கு ஒரு பார்தான், கிடைத்தால் கிடைத்தது.

பார் தேடுவது பற்றி. அப்பா எனக்குக் கணியம் சொல்லிக்கொடுத்தார், அதாவது கரையில் தெரியும் அடையாளங்களை வைத்துக் கடலில் இடம் பிடிக்கிற கணக்கு. முட்டம் கலங்கரை விளக்கத்தை வேளிமலையின் ஒரு முகட்டுக்கு நேரே வைத்து ஒரு கோடு. ஊர்க் கோயில் கோபுரத்தை வேறொரு முகட்டுக்கு நேரே வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் கல்லைக் கட்டிக் கயிற்றை இறக்கினால் அடியில் பாறை தட்டும். எந்த முகடு என்பதை எழுத மாட்டேன், அது குடும்பச் சொத்து. தம்பி மகன் கைப்பேசியில் ஜிபிஎஸ் வைத்திருக்கிறான், புள்ளி காட்டுகிறது, சரியாகவும் காட்டுகிறது. அது நல்லதுதான், மூடல் நாளில் மலை தெரியாது. ஆனால் எஞ்சின் வேகத்தில் போகும்போது நான் கவனித்த ஒன்று உண்டு. மரத்தில் மெதுவாகப் போகும்போது மலை முகடுகள் ஒன்றன் பின் ஒன்றாக நகர்வது தெரியும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது வலிக்கிற கைக்கே தெரியும். சாளை மீன் கூட்டம் மேலே வந்தால் மழைத் தூறல் மாதிரிச் சத்தம் கேட்கும். எஞ்சின் ஓடினால் இவை எதுவும் தெரியாது. தம்பி மகனுக்குத் தெரியாததற்கு அவன் காரணம் இல்லை, அவனுக்கு அந்த மெதுவான பயணம் கிடைக்கவே இல்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பாருக்கு முந்நூறு மீட்டர் முன்னாலேயே, நீவாட்டுக்கு மேல்பக்கம் போய், எஞ்சினை அணைத்துவிடுவோம். மிச்சத் தூரம் நீவாடும் தொளவையும். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நான் ஒன்றும் பேச மாட்டேன். அவன் முகட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஜிபிஎஸ்ஸை அப்புறம் பார்க்க வேண்டும்.

எவர் தயவும் வேண்டாம் என்று மரத்தைப் பற்றிச் சொன்னேன். வள்ளத்தைக் கரையில் ஏற்ற ஆறு பேராவது வேண்டும். முதல் சில வாரம் கரையில் நின்று ஆட்களைக் கூப்பிடுவது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. 42 வருடம் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. ஆனால் கேட்காமலேயே வந்தார்கள். ஐலசா போட்டு ஏற்றிவிட்டு, ஆளுக்கு நான்கு சாளை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது வேறு வள்ளம் வந்தால் நானும் போய் நிற்கிறேன். இடது தோளைக் கொடுக்கிறேன். "பாட்டா, நீங்க தள்ளாண்டாம், சும்மா புடிச்சிட்டு நில்லுங்க" என்று பையன்கள் சொல்வார்கள். பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜூன் ஒன்று முதல் ஜூலை முடிய எங்கள் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம். சிறு வள்ளங்களுக்குத் தடை இல்லை. கடலே தடை போடுகிற ஆனி ஆடி மாதங்கள் அவை, ஆனால் இடையில் இரண்டு மூன்று நாள் தணியும். போன ஆடியில் அப்படித் தணிந்த ஒரு விடியலில் போனோம். சோழக்காற்று ஓய்ந்திருந்தது, அலையின் நெளிவு மட்டும் நீளமாக இருந்தது. பாருக்கு மேலே எஞ்சினை அணைத்தேன். வேளிமலையின் மேல் மேகம், முகடு தெரியவில்லை. நான் கைப்பேசியை எடுக்கப் போனேன்.

"எடுக்காதிய பெரியப்பா, கொஞ்சம் பொறுங்க" என்றான்.

தொளவையைத் தண்ணீரில் செங்குத்தாக வைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தான். நீவாடு அதைத் தள்ளுகிற பக்கத்தைப் பார்த்தான். மேகம் விலகியதும் ஒரு தடவை மலையைப் பார்த்தான், ஒரு தடவை கோபுரத்தைப் பார்த்தான், இரண்டு வலி வலித்தான். "போடுங்க" என்றான். கல்லை இறக்கினேன், பாறை தட்டியது. அன்று கணவாய் ஒன்பது, விளமீன் நான்கு.